வெந்நீர்க் குளமும் புவிவெப்ப மின்சாரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புவிவெப்ப மின்சாரத்தைப் பற்றி எங்கே பேசினாலும் பேச்சு கடைசியில் குளியலுக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. ஐஸ்லாந்து போய்வந்தவர்கள் புளூ லகூன் என்னும் நீலக் குளத்தில் எடுத்த படத்தைக் காட்டுகிறார்கள். ஜப்பானில் வேலை பார்ப்பவர்கள், அங்கே வெந்நீர் விடுதிக்காரர்கள் இதை எதிர்ப்பதைச் சொல்கிறார்கள். மற்றவர்கள் இமாச்சலத்து மணிகரணையும் திருகோணமலைக் கன்னியாவையும் பற்றிக் கேட்கிறார்கள், இரண்டும் வெந்நீர் ஊற்று உள்ள ஊர்கள். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறேன். ஒரு பதிலில் சொன்னதை அடுத்ததில் மறுபடி எழுதாமல் எண்ணைக் குறித்திருக்கிறேன். அதனால் மேலிருந்து படித்துக்கொண்டே வருவது நல்லது.

1. வெந்நீர் ஊத்துல குளிக்கிறதுக்கும் கரண்ட் எடுக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்?

இரண்டுக்கும் மூலம் ஒன்றுதான். மழைநீர் பாறை இடுக்குகள் வழியே ஆழத்துக்கு இறங்குகிறது, அங்கே சூடேறுகிறது, விரிசல் கிடைத்த இடத்தில் மேலே வருகிறது. தானாக வந்தால் அது வெந்நீர் ஊற்று. ஆயிரம், இரண்டாயிரம் மீட்டர் துளை போட்டு, 200 டிகிரிக்கு மேல் சூடான நீரையும் ஆவியையும் வரவழைத்து டர்பைனைச் சுழற்றினால் அது புவிவெப்ப மின்நிலையம்.

டர்பைனுக்கு நல்ல சூடு வேண்டும். வீட்டைக் கதகதப்பாக்க 60, 80 டிகிரி போதும். குளிக்க 40 டிகிரி. அதனால் ஒரே வெப்பத்தை இந்த வரிசையில் மூன்று முறை பயன்படுத்த முடிகிறது. மின்நிலையத்துக்குப் பக்கத்திலேயே குளியல் குளங்கள் இருப்பதற்கு இதுதான் காரணம்.

2. ஐஸ்லாந்து புளூ லகூன் இயற்கையா உருவான குளம்தானே?

இல்லை. ரெய்க்யானெஸ் தீபகற்பத்தில் 1976இல் ஸ்வார்ட்ஸெங்கி மின்நிலையம் தொடங்கிய பிறகு உருவானது அது. நிலையத்தில் வெப்பம் எடுத்த பின் மிஞ்சிய உப்புநீரைப் பக்கத்து எரிமலைக் குழம்புப் பாறைகளின் மேல் விட்டார்கள். துளைகள் நிறைந்த பாறை அது, நீர் உள்ளே வடிந்துவிடும் என்று நினைத்தார்கள். ஆனால் நீரில் இருந்த சிலிக்கா படிந்து துளைகளை அடைத்துவிட்டது. நீர் தேங்கிக் குளமானது. சிலிக்கா வெள்ளை நிறச் சேறு. அதன் நுண்துகள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் தண்ணீர் பால் கலந்த நீலமாகத் தெரிகிறது.

1980களின் தொடக்கத்தில் சொரியாஸிஸ் என்னும் தோல் நோய் உள்ள ஒருவர் அனுமதி கேட்டு அதில் குளித்தார். தோல் தேறியது என்று சொன்னார். மற்றவர்களும் வரத் தொடங்கினார்கள். 1987இல் பொதுமக்களுக்கான குளியல் வசதி வந்தது, 1992இல் அதற்கென்று ஒரு நிறுவனம் அமைந்தது. இன்று ஐஸ்லாந்துக்கு வரும் வெளிநாட்டவர் பார்க்காமல் போகாத இடங்களில் அதுவும் ஒன்று. குளத்தில் இருந்தபடி நிமிர்ந்து பார்த்தால் மின்நிலையத்திலிருந்து எழும் வெள்ளை ஆவி தெரியும். யாரும் அதை மறைத்துக் கட்டவில்லை.

3. அப்போ அது ஃபேக்டரி கழிவுத் தண்ணிதானே? அதுலயா காசு கொடுத்துக் குளிக்கிறாங்க?

கழிவு என்றதும் சாயப்பட்டறையும் தோல் பதனிடும் ஆலையும் நம் நினைவுக்கு வருவது இயல்பு. இங்கே கதை வேறு. பூமிக்குள்ளிருந்து வந்த நீரின் சூட்டை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். சாயமோ அமிலமோ அதில் சேர்வதில்லை. சுமார் 70 சதவீதம் கடல்நீரும் 30 சதவீதம் நன்னீரும் ஆழத்தில் கலந்து, பாறையின் தாதுக்களைக் கரைத்துக்கொண்டு வந்த நீர் அது. குளத்து நீர் தொடர்ந்து மாறிக்கொண்டே இருக்கும்.

எல்லாப் புவிவெப்ப நிலையங்களிலும் இப்படிக் குளித்துவிட முடியாது. சில இடங்களில் நீரில் ஆர்சனிக், போரான் போன்றவை அதிகமாக இருக்கும். குளிக்க ஏற்றதா என்பதை ஒவ்வொரு இடத்திலும் தனித்தனியாகப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். "புளூ லகூனில் குளிக்கிறார்களே" என்று காட்டி வேறு ஊர் மக்களிடம் அனுமதி கேட்பவர்கள் இதைச் சொல்லாமல் விட்டால் அது தவறு.

4. குளிக்க ஒரு குளம் கிடைச்சதுக்காக ஜனங்க மின்நிலையத்தையே ஏத்துக்குவாங்களா?

குளத்துக்காக மட்டும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். ஐஸ்லாந்தில் மின்நிலையம் வருவதற்கு வெகுகாலம் முன்பே வெந்நீர் அவர்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது. ரெய்க்யாவிக் நகரத்துப் பெண்கள் ஒரு காலத்தில் துணி மூட்டையைச் சுமந்து சுமார் 3 கிலோமீட்டர் நடந்து போய், ஊருக்கு வெளியே இருந்த வெந்நீர் ஊற்றுகளில் துவைத்துவிட்டு வருவார்கள். 1930இல் அதே ஊற்றுப் பகுதியிலிருந்து குழாய் போட்டு, பள்ளிக்கூடத்துக்கும் மருத்துவமனைக்கும் நீச்சல் மண்டபத்துக்கும் சில பத்து வீடுகளுக்கும் வெந்நீர் கொடுத்தார்கள். அதுவரை நகரத்தின் மேல் நிலக்கரிப் புகை கவிந்திருந்தது. 1970களில் எண்ணெய் விலை ஏறியபோது அரசு மற்ற ஊர்களுக்கும் குழாய்களை நீட்டியது. இப்போது அங்கே பத்தில் ஒன்பது வீடுகளில் புவிவெப்பத்தால்தான் குளிர் தெரியாமல் இருக்கிறார்கள்.

கூடவே, சிற்றூர் என்றாலும் ஒரு திறந்தவெளி வெந்நீர்க் குளம் இருக்கும். பெரிய குளத்தை ஒட்டிச் சின்னச் சின்னத் தொட்டிகள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் 38, 40, 42 என்று சூடு எழுதியிருக்கும். தலையில் பனி விழுந்துகொண்டிருக்க, கழுத்தளவு நீரில் மீன்பிடிப்பவரும் ஆசிரியரும் ஊராட்சி உறுப்பினரும் உட்கார்ந்து ஊர் வம்பு பேசிக்கொண்டிருப்பார்கள். நம் ஊர் டீக்கடைப் பெஞ்சில் நடப்பதெல்லாம் அங்கே அந்தத் தொட்டியில் நடக்கிறது. பூமிக்கடியில் இருப்பது இன்னொருவருடைய திட்டம் என்று அவர்களுக்குத் தோன்றாது. தினமும் உடம்பில் படும் தண்ணீர் அது. அந்த உணர்வு முதலில் வந்தது, பெரிய மின்நிலையங்கள் பிறகு வந்தன. என் பார்வையில் இந்த வரிசைதான் முக்கியம்.

5. அப்போ ஐஸ்லாந்துல யாருமே எதிர்க்கலையா?

எதிர்த்திருக்கிறார்கள். ரெய்க்யாவிக்குக்குக் கிழக்கே ஹெங்கில் மலைப்பகுதியில் ரெய்க்யாடலூர் என்று ஒரு பள்ளத்தாக்கு இருக்கிறது. அங்கே ஓடும் ஆறே வெந்நீர், நடந்து போய்க் குளிக்கலாம். அதன் அருகில் பித்ரா என்ற இடத்தில் மின்நிலையம் கட்டத் திட்டமிட்டபோது பக்கத்து ஊர்க்காரர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 2008இல் திட்டம் நின்றது. அதே மலையின் இன்னொரு பக்கத்தில் ஹெல்லிஷெய்டி நிலையம் 303 மெகாவாட் திறனோடு இயங்குகிறது, சுற்றிப் பார்க்கக் கண்காட்சிக் கூடமும் வைத்திருக்கிறார்கள். இந்த எரிசக்தியோடு வாழ்ந்து பழகிய மக்களும் இடம் பார்த்துத்தான் சம்மதிக்கிறார்கள்.

6. ஜப்பான்ல எங்க பார்த்தாலும் எரிமலை. அங்க ஏன் புவிவெப்பக் கரண்ட் இவ்வளவு கம்மி?

அமெரிக்கா, இந்தோனேசியாவுக்கு அடுத்து உலகிலேயே அதிகப் புவிவெப்ப வளம் ஜப்பானிடம் இருக்கிறது. சுமார் 23,000 மெகாவாட் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். கட்டியிருப்பதோ சுமார் 600 மெகாவாட்தான். நாட்டின் மின்சாரத்தில் அது ஒரு சதவீதம்கூட இல்லை. இவாதே மாநிலத்தில் மாட்சுகாவா நிலையம் 1966இலேயே வந்துவிட்டது, ஆக அனுபவம் இல்லை என்று சொல்ல முடியாது.

காரணங்கள் சில உண்டு. வளத்தில் பெரும்பகுதி தேசியப் பூங்காக்களுக்குள் இருக்கிறது, 2012இல்தான் அங்கே விதிகளைத் தளர்த்தினார்கள். துளையிடும் செலவு அதிகம், துளையிட்டும் ஆவி கிடைக்காமல் போகலாம். ஆனால் பல இடங்களில் திட்டத்தை நிறுத்தியவர்கள் ஒன்சென் என்னும் வெந்நீர்க் குளியல் விடுதிக்காரர்கள். நாடு முழுக்கச் சுமார் 27,000 ஊற்றுக்கண்கள், அவற்றை நம்பிச் சுமார் 3,000 குளியல் ஊர்கள். ஒரு விடுதியை நாலைந்து தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்துவது அங்கே சாதாரணம். வெந்நீர் நின்றுபோனால் விடுதி மட்டும் மூடப்படாது, சமையல்காரர், மீன்காரர், பேருந்து ஓட்டுநர் என்று ஊரே படுத்துவிடும். மேலும் 1948இல் வந்த ஒன்சென் சட்டப்படி வெந்நீருக்குத் துளையிட மாநில ஆளுநரின் அனுமதி வேண்டும். ஊர் எதிர்க்கும்போது அந்த அனுமதி சுலபத்தில் கிடைக்காது.

ஐஸ்லாந்தில் குளியல் பழக்கம் மின்நிலையத்துக்குத் துணையாக நின்றது. ஜப்பானில் அதே பழக்கம் எதிரே நிற்கிறது. இரண்டு இடத்திலும் மக்கள் காப்பாற்ற நினைப்பது தண்ணீரைத்தான்.

7. அந்த விடுதிக்காரங்க பயம் நியாயமானதா, இல்ல சும்மா கிளப்பி விடுறதா?

நியாயமான பயம். நியூசிலாந்தில் வைராகெய் மின்நிலையம் 1958இல் தொடங்கியது. பக்கத்தில் கெய்சர் பள்ளத்தாக்கு என்று ஒரு சுற்றுலாத் தலம் இருந்தது. பீறிட்டு அடிக்கும் வெந்நீர் ஊற்றுகளைப் பார்க்க மக்கள் வந்துகொண்டிருந்தார்கள். நிலையம் ஆழத்திலிருந்து நீரை எடுக்க எடுக்க அழுத்தம் குறைந்து, சில ஆண்டுகளில் அந்த ஊற்றுகள் அடங்கிப்போயின. ஒரு பகுதியில் நிலமே 15 மீட்டர் வரை தாழ்ந்தது. எடுத்த நீரைத் திரும்ப உள்ளே விடாமல் பல ஆண்டுகள் ஆற்றில் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதே நாட்டில் ரோட்டோருவா நகரத்தின் அனுபவம் வேறு மாதிரி. அங்கே ஊற்றுகள் நலிந்ததற்குப் பெரிய மின்நிலையம் எதுவும் காரணமில்லை. வீடுகளும் ஓட்டல்களும் தங்கள் தங்கள் தேவைக்குப் போட்ட நூற்றுக்கணக்கான துளைக்கிணறுகள்தான் காரணம். பொஹுட்டு என்ற புகழ்பெற்ற ஊற்றைச் சுற்றி 1.5 கிலோமீட்டருக்குள் இருந்த கிணறுகளை 1986, 87இல் அரசு மூட வைத்தது. அதன் பிறகு ஊற்றுகள் மெல்ல மீண்டன. பக்கத்து வயலில் ஆழ்துளைக் கிணறு போட்டதும் தன் கிணறு வற்றியதைப் பார்த்த நம் விவசாயிக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. குளிக்க எடுத்தாலும் சரி, கரண்டுக்கு எடுத்தாலும் சரி, அளவு மீறினால் ஊற்று அடங்கும்.

8. அதெல்லாம் அந்தக் காலம். இப்பதான் தண்ணியைத் திரும்ப பூமிக்குள்ளயே விட்டுடறாங்களே?

ஆமாம், இப்போது பெரும்பாலான நிலையங்கள் ஆவியைப் பிரித்த பின் மிஞ்சும் நீரை வேறு கிணறு வழியாக உள்ளே அனுப்புகின்றன. அழுத்தம் ஓரளவு காக்கப்படுகிறது, மேல்நிலத்து ஆறு கெடுவதில்லை. தவிர, பல இடங்களில் மின்நிலையம் நீர் எடுக்கும் ஆழத்துக்கும் விடுதிகள் நீர் எடுக்கும் ஆழத்துக்கும் நடுவே களிமண்ணாக மாறிய பாறை அடுக்கு ஒன்று மூடிபோல இருக்கும். அந்த அடுக்கு முழுசாக இருந்தால் கீழே நடப்பது மேலே தெரியாது.

"இருந்தால்" என்பதுதான் சிக்கல். விரிசல் இருந்தால் இரண்டும் தொடர்பில் இருக்கும். திரும்ப அனுப்பும் நீராலும் தொந்தரவு வரலாம். கேள்வி 5இல் சொன்ன ஹெல்லிஷெய்டியில், ஹூஸ்முலி என்ற இடத்தில் நீரை உள்ளே செலுத்தத் தொடங்கிய 2011இல் நிறைய சிறு நடுக்கங்கள் வந்தன, சில 4 அளவை ஒட்டியவை. பக்கத்து ஊர்க்காரர்களுக்குக் கோபம் வந்தது. ஆகவே "திரும்ப விடுகிறோம்" என்ற ஒரு வாக்கியம் போதாது. எங்கே, எவ்வளவு, என்ன வேகத்தில் என்று சொல்ல வேண்டும்.

9. முதல்ல எதிர்த்துட்டு அப்புறம் ஒத்துக்கிட்ட ஊர் ஏதாவது இருக்கா?

இருக்கிறது. நாகசாகி மாநிலத்தில் கடலோரம் ஒபாமா என்று ஒரு ஒன்சென் ஊர். அங்கே ஊற்று 105 டிகிரியில் வருகிறது. அந்த எண்ணை வைத்தே கடற்கரையில் 105 மீட்டர் நீளத்துக்குக் கால் நனைக்கும் தொட்டி கட்டியிருக்கிறார்கள். வரிசையாக உட்கார்ந்து முழங்கால் வரை நீரில் விட்டுக்கொண்டு கடலைப் பார்க்கலாம். பக்கத்திலேயே ஆவி அடுப்புகள் உண்டு, மூங்கில் கூடையில் முட்டையையும் சர்க்கரைவள்ளியையும் வைத்து வேகவைத்துச் சாப்பிடுகிறார்கள்.

2000களின் நடுவில் புதிதாகத் துளையிட்டு மின்சாரம் எடுக்க ஒரு திட்டம் வந்தபோது விடுதிக்காரர்கள் எதிர்த்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது. ஆனால் ஊரில் இன்னொரு உண்மையும் இருந்தது. வரும் வெந்நீரில் பெரும்பகுதி பயன்படாமல் கடலுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. 2011இல் விடுதிக்காரர்களும் பல்கலைக்கழகத்தாரும் நகராட்சியும் சேர்ந்து அமர்ந்தார்கள். புதிதாக ஒரு துளையும் வேண்டாம், வீணாகப் போகும் நீரின் சூட்டை மட்டும் எடுப்போம் என்று முடிவானது. 2013இல் சோதனை நிலையம் ஓடியது. நீரில் கரைந்த உப்புகள் குழாய்க்குள் கல்போலப் படிந்து நிறையப் பாடுபடுத்தின. ஆனாலும் எதிர்த்தவர்களே அதில் பங்கெடுப்பவர்களாக மாறினார்கள். கேள்வி ஒன்றுதான்: தண்ணீரை எடுக்கிறாயா, வீணாவதை எடுக்கிறாயா?

10. புகுஷிமால ஒரு ஊர் இறால் வளர்க்குதாமே, அது இதோட சேர்ந்ததா?

ஆமாம், சுச்சியூ ஒன்சென். 2011 நிலநடுக்கத்துக்கு முன் அங்கே 16 விடுதிகள் இருந்தன. நடுக்கத்தில் சில கட்டடங்கள் பாழாயின, அணுஉலை விபத்துக்குப் பிறகு விருந்தினர் வருவதே நின்றது, விடுதிகள் ஒவ்வொன்றாக மூடின. ஊர்க்காரர்களே ஒரு நிறுவனம் தொடங்கி, ஏற்கெனவே இருந்த ஊற்றில் 2015 நவம்பரில் 400 கிலோவாட் நிலையத்தை ஓட்டத் தொடங்கினார்கள். 130 டிகிரி நீர் நிலையத்துக்குள் போய்ச் சூட்டைக் கொடுத்துவிட்டு, பிறகு விடுதிகளின் தொட்டிக்குப் போகிறது. முன்பும் அவ்வளவு சூட்டில் யாராலும் குளிக்க முடியாது, தண்ணீர் கலந்து ஆற்றத்தான் வேண்டியிருந்தது. ஆகவே குளிப்பவருக்கு எந்த நஷ்டமும் இல்லை.

மின்சாரம் விற்ற காசில் மாணவர்களுக்கும் முதியவர்களுக்கும் பேருந்துக் கட்டணத்துக்கு உதவினார்கள். நிலையத்தின் வெதுவெதுப்பான நீரை வைத்துத் தொட்டிகளில் இறால் வளர்க்கிறார்கள். நீலக்கால் இறால் என்று நம் ஊரில் ஏரி, குளங்களில் வளர்க்கும் அதே பெரிய நன்னீர் இறால்தான். வெப்பநாட்டு உயிரினம், பனி விழும் மலையூரில் வளர்கிறது. வருபவர்கள் தூண்டில் போட்டுப் பிடித்து அங்கேயே சுட்டுச் சாப்பிடலாம். குளியலுக்கு வந்தவர் இறால் பார்க்கிறார், இறால் பார்க்க வந்தவருக்கு நிலையத்தைக் காட்டுகிறார்கள். நான் படித்த உதாரணங்களில் மனதுக்கு மிக நெருக்கமானது இந்த ஊர்தான். எல்லாம் இழந்த நிலையில் வெளியாருக்குக் காத்திராமல், தங்கள் ஊற்றை வைத்தே எழுந்தார்கள்.

11. 130 டிகிரில எப்படி டர்பைன் ஓடும்? 200க்கு மேல வேணும்னு சொன்னீங்களே?

ஒபாமா, சுச்சியூ இரண்டிலும் இருப்பது பைனரி வகை நிலையம். பூமியின் நீர் டர்பைனைத் தொடுவதே இல்லை. அது தன் சூட்டை, சீக்கிரம் கொதிக்கும் வேறொரு திரவத்துக்குக் கொடுக்கிறது. அந்தத் திரவம் ஆவியாகி டர்பைனைச் சுழற்றி, குளிர்ந்து, மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிவருகிறது. சுமார் 100 டிகிரி நீரே போதும். மின்சாரம் கொஞ்சமாகத்தான் கிடைக்கும்.

12. அப்போ சின்ன பைனரி நிலையம்னா பயப்படவே வேண்டாமா?

அப்படியும் சொல்ல முடியாது. ஒயிட்டா மாநிலத்து பெப்புவில் 2,000க்கு மேல் ஊற்றுக்கண்கள் இருக்கின்றன, ஜப்பானிலேயே அதிக வெந்நீர் வரும் ஊர். 2012இல் அரசு, சிறு புவிவெப்ப நிலையங்களின் மின்சாரத்தை யூனிட்டுக்கு 40 யென் விலையில் வாங்குவதாக அறிவித்தது. நல்ல விலை என்பதால் வெளியூர் முதலீட்டாளர்கள் வந்து சேர்ந்தார்கள். ஒவ்வொன்றும் சிறியதுதான், ஆனால் பக்கத்தில் பக்கத்தில் வந்தால்? புதுத் துளைகள் கூடும், இரைச்சல் கூடும், நிலத்தடி நீர்மட்டத்தை யாரும் மொத்தமாகக் கணக்கிடமாட்டார்கள். 2016இல் நகராட்சி, இப்படிப்பட்ட நிலையம் கட்டுமுன் தங்களோடும் அக்கம்பக்கத்தாரோடும் பேச வேண்டும் என்று விதி போட்டது.

இத்தனைக்கும் பெப்புவில் ஒரு பெரிய ஓட்டல் பல ஆண்டுகளாகத் தன் சொந்தப் புவிவெப்ப நிலையத்தை நடத்திவருகிறது, அதை யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை. அதே ஊரில் தண்ணீரோடு வாழ்பவர் எடுத்தால் பொறுக்கிறார்கள், விலையைப் பார்த்து வந்தவர் எடுத்தால் சந்தேகப்படுகிறார்கள். அந்தச் சந்தேகம் எனக்கு நியாயமாகவே படுகிறது.

13. துளை போட்டா நிலநடுக்கம் வருமாமே? கொரியால வந்துச்சே?

தென்கொரியாவில் போஹாங் நகரத்தில் 2017 நவம்பரில் 5.5 அளவு நடுக்கம் வந்தது, பலர் காயமடைந்தார்கள். அருகே நடந்த புவிவெப்பத் திட்டம் அதைத் தூண்டியது என்று அரசு அமைத்த வல்லுநர் குழு 2019இல் சொன்னது. சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரத்தில் 2006 டிசம்பரில் 3.4 அளவு நடுக்கத்துக்குப் பிறகு அங்கிருந்த திட்டம் நிறுத்தப்பட்டது. இவை இரண்டும் ஊற்றே இல்லாத இடத்தில், வறண்ட சூடான பாறைக்குள் மிகுந்த அழுத்தத்தில் நீரைச் செலுத்திச் செயற்கையாக விரிசல் உண்டாக்கும் முறை. வெந்நீர் தானாகக் கிடைக்கும் இடத்தில் அப்படிச் செய்யத் தேவையில்லை, நடுக்க அபாயமும் குறைவு. ஆனாலும் கேள்வி 8இல் பார்த்த ஹூஸ்முலி சம்பவத்தை மறக்கக் கூடாது. எந்த முறை என்று கேட்டுவிட்டுப் பயப்படலாமா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்.

14. அழுகின முட்டை நாத்தம், ஆர்சனிக்னு சொல்றாங்களே?

நாற்றம் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவால் வருவது. வெந்நீர் ஊற்று ஊர்களில் இயற்கையாகவே இருக்கும். ஆனால் மின்நிலையம் அதை அதிக அளவில் வெளியே கொண்டுவரும், மூடிய இடத்தில் சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. ஹெல்லிஷெய்டியில் இந்த வாயுவையும் கார்பன் டை ஆக்சைடையும் நீரில் கரைத்துப் பாறைக்குள் திருப்பி அனுப்புகிறார்கள், அவை அங்கே கனிமமாகப் படிந்துவிடுகின்றன.

ஆர்சனிக் பற்றிய பயத்துக்கு அண்மைக்கால உதாரணம் ஜப்பானில் ஹொக்கைடோவின் ரன்கோஷி. 2023 ஜூன் இறுதியில் அங்கே ஆய்வுக்காகத் துளையிடும்போது ஆவி கட்டுக்கடங்காமல் வெளியே பீறிட்டது. வெண்மையான நீர் சுற்றிலும் தெறித்தது, அதில் ஆர்சனிக் இருப்பது தெரிந்தது, சிலர் உடம்பு சரியில்லை என்றார்கள். நிசெகோ என்ற புகழ்பெற்ற பனிச்சறுக்குச் சுற்றுலாப் பகுதிக்குப் பக்கத்தில் நடந்தது இது. பத்து வருடப் பேச்சுவார்த்தையில் சேர்த்த நம்பிக்கை இப்படி ஒரே நாளில் போய்விடும்.

15. எரிமலையே இல்லாத ஊர்ல இதெல்லாம் நடக்குமா?

நடக்கிறது. ஜெர்மனியில் மியூனிக் அருகே எர்டிங் என்ற ஊரில் 1983இல் எண்ணெய் தேடித் துளையிட்டார்கள். எண்ணெய் கிடைக்கவில்லை, 2,350 மீட்டர் ஆழத்தில் 65 டிகிரி வெந்நீர் கிடைத்தது. பின்னாளில் அதை வைத்து ஊர் வீடுகளுக்கு வெப்பம் கொடுத்தார்கள், 1999இல் வெந்நீர்க் குளியல் வளாகமும் திறந்தார்கள். இன்று அது உலகின் பெரிய குளியல் வளாகங்களில் ஒன்று. குளிர்காலத்தில் குழந்தைகளோடு அங்கே போகும் குடும்பங்களுக்குப் புவிவெப்பம் என்பது பழகிய விஷயம்.

அதே ஜெர்மனியில் ஸ்டாஃபென் என்ற பழைய நகரத்தில் 2007இல் நகராட்சிக் கட்டடத்துக்காக ஆழம் குறைந்த துளைகள் போட்டபோது, நிலத்தடி நீர் அன்ஹைட்ரைட் பாறைக்குள் புகுந்து அதை உப்ப வைத்தது. நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல். இரண்டுமே அந்த நாட்டு மக்கள் நினைவில் இருக்கின்றன.

16. கம்பெனிக்காரன் ஒரு ஸ்பா கட்டிக் கொடுத்துட்டா எதிர்ப்பு தானா அடங்கிடும் இல்ல?

இந்தக் கேள்வியைத் திட்டம் போடுபவர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். கென்யாவில் ஒல்கரியா என்னும் புவிவெப்பப் பகுதியைப் பாருங்கள். அங்கே மின் நிறுவனமே ஒரு வெந்நீர்க் குளம் கட்டியிருக்கிறது. ஹெல்ஸ் கேட் தேசியப் பூங்காவுக்குள், நீல நீரும் பின்னால் ஆவியுமாக, சுற்றுலாப் பயணிகளுக்குப் பிடித்த இடம். அதே ஒல்கரியாவில் நான்காவது நிலையத்துக்காக 2014இல் இடம்பெயர்க்கப்பட்ட மசாய் மக்கள், கொடுத்த நிலமும் வாக்குறுதியும் சரியில்லை என்று உலக வங்கியின் ஆய்வுக் குழுவிடம் முறையிட்டார்கள். பிறகு நடுவர் முன்னிலையில் பேசி ஒப்பந்தத்துக்கு வர வேண்டியிருந்தது. பக்கத்தில் குளம் இருந்தது அவர்கள் மனக்குறையைத் தீர்க்கவில்லை. மேய்ச்சல் நிலம் இழந்தவரிடம் குளத்து நுழைவுச்சீட்டைக் காட்ட முடியாது.

ஐஸ்லாந்தில் ஊர்க்குளங்கள் வேலை செய்ததற்குக் காரணம் அவை ஊருக்குச் சொந்தம், கட்டணம் குறைவு, வீட்டுக்கும் அதே வெப்பம். புளூ லகூன் விலை அந்நாட்டுக் குடும்பத்துக்கே எட்டாதது. அது வெளிநாட்டவருக்குப் புவிவெப்பத்தை அறிமுகப்படுத்தியது உண்மை. ஆனால் ஐஸ்லாந்துக்காரர்களின் சம்மதம் அங்கே உருவாகவில்லை, கேள்வி 4இல் சொன்ன 42 டிகிரித் தொட்டியில் உருவானது.

17. புளூ லகூன் பக்கத்துல எரிமலை வெடிச்சதுக்கு அந்த மின்நிலையம்தான் காரணமா?

இல்லை. குளம் இருக்கும் ரெய்க்யானெஸ் தீபகற்பத்தில் சுமார் 800 ஆண்டுகளாக அடங்கியிருந்த எரிமலைச் செயல்பாடு 2021இல் மறுபடி தொடங்கிவிட்டது. பாறைக்குழம்பு பல கிலோமீட்டர் ஆழத்தில் நகர்வதைக் கிணறுகள் உண்டாக்கவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. 2023 நவம்பர் 10 அன்று பக்கத்து கிரிண்டாவிக் ஊரையே காலி செய்தார்கள். டிசம்பரில் வெடிப்புகள் தொடங்கின. மின்நிலையத்தையும் குளத்தையும் சுற்றி மண்ணாலும் கல்லாலும் உயரமான கரைகள் எழுப்பினார்கள்.

2024 பிப்ரவரி 8 அன்று எரிகுழம்பு வெந்நீர்க் குழாயை அறுத்துக்கொண்டு போனது. கடுங்குளிரில் 20,000க்கு மேற்பட்டவர்களின் வீடுகளுக்கு வெந்நீர் நின்றது. இரவு பகலாக வேலை செய்து சில நாட்களில் மீட்டார்கள். அந்த நாட்களில் மக்கள் நிலையத்தைப் பழிக்கவில்லை, எப்போது திரும்ப வரும் என்றுதான் கேட்டார்கள். வீட்டுக்குள் வந்துவிட்ட எரிசக்திக்குக் கிடைக்கும் ஆதரவு இப்படித்தான் இருக்கும்.

18. நம்ம பக்கம் வருவோம். மணிகரண்ல, கன்னியால இதைச் செய்ய முடியுமா?

மணிகரண் இமாச்சலப் பிரதேசத்தில் பார்வதி ஆற்றங்கரையில் இருக்கிறது. கொதிநிலையை ஒட்டிய ஊற்று. அரிசியைத் துணியில் முடிந்து ஊற்றில் இறக்கி வேகவைப்பதைக் காணலாம், குருத்வாரா சமையலும் அந்தச் சூட்டில் நடக்கிறது. அங்கே 5 கிலோவாட் அளவில் ஒரு சோதனை நடந்திருக்கிறது, பிறகு நிலச்சரிவில் அது அழிந்தது. இன்றைய பெரிய முயற்சி லடாக்கில் புகா பள்ளத்தாக்கு, கடல்மட்டத்திலிருந்து 4,000 மீட்டருக்கு மேல். 2021இல் இந்திய அரசின் எண்ணெய் நிறுவனமான ஓஎன்ஜிசி அங்கே ஒப்பந்தம் போட்டது. 2022இல் துளையிடும்போது கிணற்றுநீர் ஓடையில் கலந்து வேலை நின்றது. அது நாடோடி மேய்ப்பர்கள் ஆடு மேய்க்கும் பள்ளத்தாக்கு, அவர்களுக்கும் அவர்கள் மந்தைக்கும் அந்த ஓடைதான் தண்ணீர். அங்கே மின்சாரம் வருவதற்கு முன், குளிர்காலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தையும் சில வீடுகளையும் அந்த வெந்நீரால் கதகதப்பாக்கிக் காட்டினால் மக்கள் பார்வை வேறாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

திருகோணமலை கன்னியாவின் ஏழு கிணறுகள் வேறு வகை. நீர் வெதுவெதுப்பாக, 40 டிகிரியை ஒட்டி இருக்கிறது. பைனரி நிலையத்துக்கும் அந்தச் சூடு போதாது. வாளியில் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்ளவும், ஈமக்கடன் செய்யவும் தமிழர்கள் தலைமுறை தலைமுறையாக வரும் இடம். அங்கே செய்ய வேண்டியது, சுற்றிலும் கண்டபடி ஆழ்துளை போடாமல் பார்த்துக்கொள்வதுதான்.

19. எங்க ஊருக்கு இப்படி ஒரு திட்டம் வந்தா முதல்ல என்ன கேக்கணும்?

துளையிடுவதற்கு முன்பே, குறைந்தது ஒரு வருடமாவது ஊற்றுகளின் சூடு, அளவு, நீர்மட்டம் ஆகியவற்றை அளந்து வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். மழைக்கும் கோடைக்கும் ஊற்று இயல்பாகவே மாறும். முன்னால் அளக்காவிட்டால் பின்னால் யார் சொல்வது உண்மை என்று தெரியாது. ஜப்பானில் பல சண்டைகள் முடியாமல் இழுப்பது இதனால்தான். அளக்கும் கருவி யார் கையில் இருக்கும், கணக்கை ஊரார் தினமும் பார்க்க முடியுமா என்றும் கேளுங்கள். நிறுவனம் மட்டும் அளந்து நிறுவனமே அறிக்கை கொடுத்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஊற்று குறைந்தால் யார் நிறுத்துவார்கள், எத்தனை நாளில் நிறுத்துவார்கள், விடுதிக்கும் கடைக்கும் நஷ்டஈடு எவ்வளவு என்பது ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்க வேண்டும். மின்சாரம் எடுத்த பின் மிஞ்சும் வெந்நீரில் ஊருக்கு எவ்வளவு பங்கு என்பதும் அதிலேயே இருக்கட்டும். இவற்றுக்கெல்லாம் பதில் வந்த பிறகு, குளம் எங்கே கட்டலாம் என்று பேசத் தொடங்கலாம்.